ஒரே ஓட்டில் திறந்த இரண்டு கதவுகள்

யுத்தக் கைதியும் காவல்காரரும் கேட்ட கேள்வி

2008-ம் ஆண்டு ஜூன் மாதம். அமெரிக்காவின் தலைநகரமான வாஷிங்டனில், வெள்ளைப் பளிங்குக் கல்லால் கட்டிய ஒரு பெரிய மாளிகை. அதன் உள்ளேயும் வெளியேயும் பத்திரிகை நிருபர்கள் காத்துக் கிடந்தார்கள்.

அதுதான் அமெரிக்காவின் சுப்ரீம் கோர்ட்டு.

எந்த வழக்கில் எந்த நாள் தீர்ப்பு வரும் என்பதை அந்தக் கோர்ட்டு முன்கூட்டிச் சொல்வது இல்லை. காலை 10 மணிக்கு நீதிபதிகள் வந்து உட்காருவார்கள். அன்றைய தீர்ப்பின் சுருக்கத்தைப் படிப்பார்கள். அதுவரை அது வெளியே யாருக்கும் தெரியாது. உள்ளே டெலிவிஷன் காமிராவுக்கு அனுமதி கிடையாது. அச்சடித்த தீர்ப்பு கைக்குக் கிடைத்ததும், செய்தி நிலையங்களில் வேலை பழகும் இளைஞர்கள் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே தலைதெறிக்க ஓடுவார்கள்.

அந்த ஜூன் மாதம் நாடே எதிர்பார்த்த தீர்ப்புகள் இரண்டு. ஒன்று, யுத்த காலத்தில் பிடிபட்ட கைதிகளின் உரிமை பற்றியது. மற்றொன்று, வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை பற்றியது.

இரண்டு வழக்குகளிலும் இரண்டு தனி மனிதர்கள். ஒருவருக்கு ஒருவர் எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள். ஒருவர், தீவு ஒன்றில் அடைபட்டுக் கிடந்த கைதி. மற்றவர், சர்க்கார் கட்டிடம் ஒன்றின் வாசலில் காவல் நின்ற காவல்காரர்.

ஆனால் இருவரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"சர்க்காரின் கைக்கு ஓர் எல்லை உண்டா? உண்டு என்றால், அந்த எல்லையைச் சொல்வது யார்?"

விடுதலையான அன்றே மீண்டும் பிடிபட்டார்!

கைதியின் பெயர் லக்தர் பூமெதியன். ஆப்பிரிக்காவின் வட பகுதியில் உள்ள அல்ஜீரியா நாட்டில் பிறந்தவர். ஐரோப்பாவில் உள்ள போஸ்னியா நாட்டில், சரயேவோ நகரத்தில் குடியிருந்தார். செம்பிறைச் சங்கத்தில் வேலை. யுத்தத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு உதவி செய்யும் வேலை அது. வீட்டில் மனைவியும், இரண்டு சின்னஞ்சிறு பெண் குழந்தைகளும் இருந்தார்கள்.

2001-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந்தேதி அமெரிக்காவில் விமானங்களைக் கடத்தி மோதித் தாக்குதல் நடந்தது. அதற்கு அடுத்த மாதம், போஸ்னியா போலீசார் பூமெதியனையும் வேறு ஐந்து அல்ஜீரியர்களையும் கைது செய்தார்கள். சரயேவோவில் உள்ள அமெரிக்கத் தூதர் அலுவலகத்தைக் குண்டு வைத்துத் தகர்க்கச் சதி செய்தார்கள் என்பது சந்தேகம்.

மூன்று மாதம் விசாரணை நடந்தது. ருசு எதுவும் கிடைக்கவில்லை. 2002-ம் ஆண்டு ஜனவரி மாதம் போஸ்னியாவின் சுப்ரீம் கோர்ட்டு, "ஆறு பேரையும் விட்டு விடுங்கள்" என்று உத்தரவு போட்டது.

கதவு திறந்தது. ஆனால் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. சிறையை விட்டு வந்தவர்களை அமெரிக்க ராணுவத்திடம் ஒப்படைத்து விட்டார்கள்! விலங்கு மாட்டி விமானத்தில் ஏற்றினார்கள். ஜனவரி 20-ந்தேதி அந்த விமானம் குவாண்டனாமோவில் இறங்கியது.

காசாக்காத செக்

குவாண்டனாமோ என்பது கியூபா தீவின் ஓரத்தில் உள்ள ஒரு வளைகுடா. அங்கே 45 சதுர மைல் பரப்பை 1903-ம் ஆண்டு அமெரிக்கா குத்தகைக்கு எடுத்துக் கடற்படைத் தளம் அமைத்தது. பின்னால் வந்த ஒப்பந்தத்தின்படி ஆண்டு வாடகை 4,085 டாலர்.

பிடல் காஸ்ட்ரோ பதவிக்கு வந்த பிறகு, கியூபா அந்த வாடகையை விரும்பவில்லை. "பணம் வேண்டாம், நிலத்தைக் கொடு" என்றது. ஆண்டுதோறும் அமெரிக்கா அனுப்பும் செக்கைக் கியூபா மாற்றாமலே போட்டு வைத்தது.

நிலம் கியூபாவுக்குச் சொந்தம். ஆனால் கியூபாவின் சட்டம் அங்கே நடக்காது. ஆட்சி முழுவதும் அமெரிக்காவின் கையில். ஆனால், "அது அமெரிக்க மண் அல்ல. ஆகவே அமெரிக்கக் கோர்ட்டுகளுக்கு அங்கே வேலை இல்லை" என்று ஜார்ஜ் புஷ்ஷின் சர்க்கார் சொன்னது.

அப்படியானால் அங்கே எந்தச் சட்டம் நடக்கும்? வழக்கின் முடிச்சே அங்கேதான் இருந்தது.

2002-ம் ஆண்டு ஜனவரி 11-ந்தேதி முதலாவது கூட்டம் வந்து சேர்ந்தது. 20 பேர். கம்பி வலைக் கூண்டுகளில் அவர்களை அடைத்தார்கள். ஆரஞ்சு நிறச் சட்டையோடு அவர்கள் மண்டியிட்டு உட்கார்ந்திருந்த படத்தை உலகமே பார்த்தது. நாளடைவில் அந்த முகாமில் அடைபட்டவர்களின் தொகை 780 வரை போயிற்று.

யுத்தத்தில் பிடிபட்ட எதிரி வீரனைச் சண்டை முடியும் வரை காவலில் வைப்பது உலக வழக்கம்தான். ஆனால் அந்த வீரனுக்குச் சீருடை உண்டு. அவனுடைய நாடு எது என்பது தெரியும். யுத்தம் ஒரு நாள் முடியும். அவன் வீட்டுக்குப் போவான்.

இங்கே சீருடை இல்லை. போர்க்களம் இல்லை. யுத்தம் எப்போது முடியும் என்று யாரும் சொல்ல முடியாது. பிடிபட்டவன் உண்மையில் எதிரிதானா, அல்லது தவறிப் பிடித்த ஆளா என்பதே கேள்வி. அதை விசாரிக்க நீதிபதி இல்லை.

"ஆளைக் கொண்டு வா!"

இப்படிப்பட்ட நிலைமைக்காகவே ஆங்கிலேயர்கள் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் ஹேபியஸ் கார்ப்பஸ். தமிழில் ஆட்கொணர்வு மனு என்று சொல்கிறோம்.

ஒருவனைச் சர்க்கார் பிடித்து அடைத்தால், அவனோ அவனுடைய உறவினரோ கோர்ட்டுக்கு மனுப் போடலாம். நீதிபதி சிறை அதிகாரியைப் பார்த்து, "ஆளைக் கொண்டு வந்து நிறுத்து. என்ன காரணத்துக்காக அடைத்தாய், சொல்" என்று கேட்பார். காரணம் சரியாக இருந்தால் சிறை. இல்லாவிட்டால் விடுதலை.

கைதி நல்லவன் என்று அந்த மனு சொல்லவில்லை. அவனை விட்டு விடு என்றும் சொல்லவில்லை. காரணத்தைச் சொல் என்று மட்டுமே கேட்கிறது.

1679-ம் ஆண்டு இங்கிலாந்தில் இதற்குத் தனிச் சட்டமே வந்தது. அமெரிக்காவின் அரசியல் சட்டத்தை எழுதியவர்களும் இதை மறக்கவில்லை. நாட்டில் கலகமோ, வெளியார் படையெடுப்போ ஏற்பட்டு, மக்களின் பாதுகாப்புக்கு அவசியமானால் ஒழிய, இந்த உரிமையை நிறுத்தக் கூடாது என்று எழுதி வைத்தார்கள்.

பெயர் இல்லாத நண்பர்

2004-ம் ஆண்டு ஜூன் மாதம் சுப்ரீம் கோர்ட்டு, "குவாண்டனாமோ கைதிகளும் மனுப் போடலாம்" என்று முதல் தடவையாகச் சொன்னது. உடனே ராணுவம் தானே ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. மூன்று ராணுவ அதிகாரிகள் உட்காருவார்கள். கைதிக்கு வக்கீல் கிடையாது. ரகசிய தஸ்தாவேஜுகளைக் கைதியின் கண்ணில் காட்ட மாட்டார்கள்.

பூமெதியனோடு பிடிபட்ட ஐந்து பேரில் ஒருவர் முஸ்தபா ஐத் இதிர். அவரை அந்தக் குழுவின் முன்னால் நிறுத்தினார்கள். "போஸ்னியாவில் இருந்தபோது, அல்-கைதா ஆள் ஒருவனோடு நீ பழகினாய்" என்று குற்றச்சாட்டைப் படித்தார்கள்.

"அந்த ஆளின் பெயர் என்ன?" என்று அவர் கேட்டார்.

"எனக்குத் தெரியாது" என்றார் குழுவின் தலைவர்.

பெயரே தெரியாவிட்டால் எப்படிப் பதில் சொல்வது என்று கைதி கேட்டார். பெயரைச் சொன்னால், பழகினேனா இல்லையா என்று சொல்லத் தயார் என்றார். அவர் பேசப் பேச அந்த அறையில் இருந்தவர்கள் சிரித்து விட்டார்கள். இந்தச் சிரிப்பு பின்னர் ஒரு கோர்ட்டுத் தீர்ப்பிலேயே பதிவாயிற்று. சிரிப்பு அடங்கியது. கைதி மறுபடியும் அறைக்குப் போனார். அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகள் அவர் அங்கேயே இருந்தார்.

பூமெதியன் கதையும் இதேதான். தூதர் அலுவலகச் சதி பற்றி ஒரு நாள்கூடத் தன்னிடம் விசாரிக்கவில்லை என்று அவர் பின்னாளில் சொன்னார். பொறுத்துப் பார்த்தார். கடைசியில் உண்ணாவிரதம் தொடங்கினார். நாற்காலியில் கட்டி வைத்து, மூக்கு வழியாகக் குழாயை விட்டு, தினம் இரண்டு தடவை அவருக்கு ஆகாரம் ஏற்றினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இப்படி நடந்தது.

மூடிய கதவு மீண்டும் திறந்தது

அவருடைய மனு என்ன ஆயிற்று?

2005-ம் ஆண்டு ஜனவரி மாதம் வாஷிங்டன் ஜில்லா கோர்ட்டு நீதிபதி ரிச்சர்டு லியோன் அதைத் தள்ளி விட்டார். வெளிநாட்டில் பிடித்து, வெளிநாட்டில் அடைத்திருக்கும் அந்நியருக்கு இந்த உரிமை இல்லை என்பது அவர் தீர்ப்பு. (இந்த நீதிபதியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் முடிவில் மறுபடியும் வருகிறார்.)

2005-லும் 2006-லும் அமெரிக்கக் காங்கிரஸ் இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. குவாண்டனாமோ கைதிகளின் மனுக்களைக் கோர்ட்டுகள் விசாரிக்கவே கூடாது என்று அந்தச் சட்டங்கள் கதவை இழுத்துச் சாத்தின.

கைதிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2007-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் சுப்ரீம் கோர்ட்டும் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்து விட்டது.

அந்தச் சமயத்தில், எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ராணுவ விசாரணைக் குழு ஒன்றில் தானே உட்கார்ந்திருந்த லெப்டினன்ட் கர்னல் ஸ்டீபன் ஆப்ரகாம் என்ற அதிகாரி, சத்தியப் பிரமாணம் செய்து ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். அந்த விசாரணைகளில் காட்டிய தகவல்கள் உருப்படியானவை அல்ல என்றார். ஒரு கைதி எதிரி என்பதற்கு ஆதாரம் இல்லை என்று தானும் உடன் இருந்த அதிகாரிகளும் முடிவு செய்தபோது, மேலிடம் அதை விரும்பவில்லை என்றும் சொன்னார்.

ஒரு வாரத்தில், ஜூன் 29-ந்தேதி, சுப்ரீம் கோர்ட்டு தன் முடிவை மாற்றிக்கொண்டது. வழக்கை விசாரிப்பதாக அறிவித்தது. மறுத்த வழக்கைத் திரும்ப எடுப்பது அங்கே மிக அபூர்வம். மனம் மாறியதற்குக் காரணத்தைக் கோர்ட்டு சொல்லவில்லை.

டிசம்பர் 5-ந்தேதி வாதம் நடந்தது. பிறகு காத்திருப்பு. ஒரு மாதம், இரண்டு மாதம், ஆறு மாதம்!

வாசலில் துப்பாக்கி, வீட்டில் இல்லை

இனி, இரண்டாவது மனிதர்.

டிக் ஹெல்லர் வாஷிங்டனில் சர்க்கார் கட்டிடம் ஒன்றில் காவல் வேலை பார்த்தவர். வேலை நேரத்தில் இடுப்பில் கைத்துப்பாக்கி இருக்கும். அது அவர் கடமை. வேலை முடிந்ததும் துப்பாக்கியை ஒப்படைத்து விட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார்.

காரணம், வாஷிங்டன் நகரத்தின் சட்டம். 1976-ம் ஆண்டு அமலுக்கு வந்த அந்தச் சட்டத்தின்படி, பொதுமக்கள் புதிதாகக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. நீளமான துப்பாக்கி வைத்திருக்கலாம். ஆனால் குண்டு போடாமல், கழற்றியோ அல்லது விசைக்குப் பூட்டுப் போட்டோ வைக்க வேண்டும்.

"சர்க்காரைக் காப்பாற்ற என் கையில் துப்பாக்கி கொடுக்கிறீர்கள். என் வீட்டைக் காப்பாற்ற மட்டும் வேண்டாம் என்கிறீர்களே!" இதுதான் ஹெல்லரின் வாதம்.

நகர சபைக்கும் நியாயம் இருந்தது. கைத்துப்பாக்கி சிறியது. மறைத்து எடுத்துப் போகலாம். கொலைக்கும் கொள்ளைக்கும் அதிகமாகப் பயன்படுவது அதுதான். கோபத்தில் ஒரு நிமிடம் கை தவறினால் ஓர் உயிர் போய்விடும். குழந்தையின் கையில் அகப்பட்டாலும் ஆபத்து. ஆகவேதான் தடுத்தோம் என்றது நகர சபை.

2003-ம் ஆண்டு ஆறு பேர் சேர்ந்து இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். பணம் கொடுத்து வழக்கை நடத்தியவர் ராபர்ட் லெவி என்ற வக்கீல். வேடிக்கை என்னவென்றால், அவரிடம் துப்பாக்கியே கிடையாது!

ஆறு பேரில் ஐந்து பேருக்கு வழக்குப் போட உரிமை இல்லை என்று அப்பீல் கோர்ட்டு சொல்லி விட்டது. ஏன்? "துப்பாக்கி வேண்டும்" என்று அவர்கள் விரும்பினார்களே தவிர, சர்க்காரிடம் மனுக் கொடுக்கவில்லை. ஹெல்லர் மட்டும் முன்பே மனு எழுதிக் கொடுத்திருந்தார். "முடியாது" என்ற பதிலையும் வாங்கி வைத்திருந்தார். அந்த ஒரு காகிதம் அவரைக் கரை சேர்த்தது. 2007-ம் ஆண்டு மார்ச்சு மாதம் அப்பீல் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

27 வார்த்தைகள்

நகர சபை சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

சண்டை முழுவதும் ஒரே வாக்கியத்தைப் பற்றியது. அமெரிக்க அரசியல் சட்டத்தில் 1791-ம் ஆண்டு சேர்ந்த இரண்டாவது திருத்தம் அது. ஆங்கிலத்தில் மொத்தம் 27 வார்த்தைகள். சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு ஒழுங்கான மக்கள் படை தேவை. ஆகவே ஆயுதம் வைத்துக்கொள்ளும் மக்களின் உரிமையில் கை வைக்கக் கூடாது என்பது அதன் கருத்து.

அந்தக் காலத்தில் நிலையான பெரிய ராணுவம் இல்லை. ஊரில் உள்ள ஆண்கள் தங்கள் துப்பாக்கியோடு வந்து கூடுவார்கள். அதுதான் மக்கள் படை.

வாக்கியத்தின் முன் பாதியைப் பிடித்துக்கொண்டு, "இந்த உரிமை படைக்காக மட்டுமே, படை போன பிறகு தனி மனிதனுக்கு ஏது?" என்றது நகர சபை. பின் பாதியைப் பிடித்துக்கொண்டு, "மக்களின் உரிமை என்று தெளிவாக எழுதியிருக்கிறதே" என்றார் ஹெல்லரின் வக்கீல் அலன் குரா.

2008-ம் ஆண்டு மார்ச்சு 18-ந்தேதி வாதம் நடந்தது. அதைக் கேட்க இடம் பிடிப்பதற்காக, மக்கள் குளிரையும் பொருட்படுத்தாமல் இரவு முழுவதும் கோர்ட்டு வாசலில் படுத்துக் கிடந்தார்கள்.

ஜூன் 12: முதல் தீர்ப்பு

அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதிகள் 9 பேர். ஜனாதிபதி நியமிப்பார். செனட் சபை சம்மதிக்க வேண்டும். அதன் பிறகு ஆயுள் முழுவதும் பதவி. 5 பேர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தீர்ப்பு.

ஜூன் 12-ந்தேதி காலை, கைதிகள் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஐந்துக்கு நான்கு! கைதிகள் பக்கம் ஐந்து.

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி அந்தோணி கென்னடி. (சுட்டுக் கொல்லப்பட்ட ஜனாதிபதி கென்னடிக்கும் இவருக்கும் உறவு இல்லை.) "பெயருக்குக் கியூபாவின் நிலமாக இருக்கலாம். ஆனால் அங்கே முழு அதிகாரமும் அமெரிக்காவின் கையில் இருக்கிறது. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்ததாகச் சொல்லி, அரசியல் சட்டத்தை வேண்டியபோது போட்டு, வேண்டாதபோது அணைக்க முடியாது" என்பது அவர் சொன்னதன் கருத்து. அசாதாரணமான காலத்திலும் சட்டம் உயிரோடு இருக்க வேண்டும். அதற்காகவே அதை எழுதினார்கள் என்றார்.

மறுத்த நால்வரும் சும்மா இருக்கவில்லை. இந்தக் கைதிகளுக்குச் சட்டம் ஏற்கெனவே தாராளமாக வசதி கொடுத்திருக்கிறது என்றார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். நீதிபதி ஸ்கலியா இன்னும் காரமாக எழுதினார். யுத்தம் நடக்கும்போது ராணுவத்தின் வேலையில் கோர்ட்டு நுழைவதால், மேலும் பல அமெரிக்கர்கள் சாவது ஏறக்குறைய நிச்சயம் என்றார்.

ஜூன் 26: இரண்டாவது தீர்ப்பு

அடுத்த இரண்டு வாரம் எல்லோரும் துப்பாக்கி வழக்கின் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள். கோர்ட்டு நிருபர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். மார்ச்சு மாதம் விசாரித்த மற்ற வழக்குகளின் தீர்ப்புகள் வந்து விட்டன. அவற்றில் ஸ்கலியா எழுதிய தீர்ப்பு ஒன்றுகூட இல்லை. வேலையைச் சமமாகப் பங்கிடுவது அங்கே வழக்கம். ஆகவே மிச்சம் உள்ள இதை அவர்தான் எழுதுகிறார் என்று ஊகித்தார்கள்.

ஊகம் பலித்தது. ஜூன் 26-ந்தேதி, அந்தப் பருவத்தின் கடைசி நாளில், ஸ்கலியா தீர்ப்பைப் படித்தார். மறுபடியும் ஐந்துக்கு நான்கு! ஹெல்லர் பக்கம் ஐந்து.

வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்துக்கொள்வது தனி மனிதனின் உரிமை. கைத்துப்பாக்கியை அடியோடு தடுப்பது செல்லாது என்றது தீர்ப்பு. ஆனால் அதற்கும் எல்லை சொன்னது. கடுங்குற்றம் செய்தவர்களும் மனநோய் உள்ளவர்களும் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கலாம். பள்ளிக்கூடத்திலும் சர்க்கார் கட்டிடங்களிலும் தடுக்கலாம். விற்பனைக்கு நிபந்தனை போடலாம்.

நீதிபதி ஸ்டீவன்ஸ் மறுப்புத் தீர்ப்பு எழுதினார். அந்த 27 வார்த்தைகள் மக்கள் படையைப் பற்றியவை. தனி மனிதனின் வீட்டுத் துப்பாக்கியைப் பற்றியவை அல்ல என்றார். நீதிபதி பிரையர், நகரத்தில் நடக்கும் குற்றங்களைத் தடுக்க நகர சபை போட்ட சட்டத்தைக் கோர்ட்டு ரத்து செய்வது சரி அல்ல என்றார்.

எட்டுப் பேர் இடம் மாறினர்!

இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் ஆச்சரியம் தெரியும்.

ராபர்ட்ஸ், ஸ்கலியா, தாமஸ், அலிட்டோ ஆகிய நால்வரும் கைதிகள் வழக்கில் சர்க்கார் பக்கம் நின்றார்கள். துப்பாக்கி வழக்கில் சர்க்காரின் சட்டத்தை ரத்து செய்தார்கள்.

ஸ்டீவன்ஸ், சவுட்டர், கின்ஸ்பர்க், பிரையர் ஆகிய நால்வரும் கைதிகள் வழக்கில் சர்க்காரின் கையைப் பிடித்தார்கள். துப்பாக்கி வழக்கில் சட்டம் நிற்கட்டும் என்றார்கள்.

இரண்டு தடவையும் தனி மனிதன் பக்கம் நின்றவர் ஒருவரே. அவர் கென்னடி. அவருடைய ஓட்டு இந்தப் பக்கம் விழுந்ததால் இரண்டு கதவுகளும் திறந்தன. அந்தப் பக்கம் விழுந்திருந்தால் இரண்டும் மூடியே இருந்திருக்கும்.

"என் உரிமை பெரிது, அடுத்தவன் உரிமை சிறிது" என்று நினைப்பது மனித இயல்பு. துப்பாக்கி உரிமைக்காகக் கொடி பிடித்தவர்களில் பலருக்குக் கைதிகளின் உரிமை கசந்தது. கைதிகளுக்காகக் கண்ணீர் விட்டவர்களில் பலருக்குத் துப்பாக்கி உரிமை கசந்தது. தனக்குப் பிடிக்காத மனிதனுக்கும் உரிமை உண்டா என்பதுதான் அந்த ஜூன் மாதத்தின் உண்மையான பரீட்சை.

பிறகு நடந்தது என்ன?

தீர்ப்பு வந்ததும் சிறைக் கதவு தானாகத் திறக்கவில்லை. "மனுவை விசாரிக்க வேண்டும்" என்பதுதான் தீர்ப்பு. விசாரிக்க வேண்டிய நீதிபதி யார் தெரியுமா? மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அதே மனுவைத் தள்ளிய ரிச்சர்டு லியோன்! அவரை நியமித்தவர் ஜனாதிபதி புஷ்.

விசாரணை தொடங்குவதற்கு முன்பே, தூதர் அலுவலகச் சதி என்ற குற்றச்சாட்டைச் சர்க்கார் கைவிட்டு விட்டது. ஆப்கானிஸ்தானத்துக்குப் போய்ச் சண்டை போட நினைத்தார்கள் என்று புதுக் காரணம் சொன்னது. அதற்கு ஆதாரம்? பெயர் தெரியாத ஒரே ஆள் சொன்ன ஒரு தகவல்.

2008-ம் ஆண்டு நவம்பர் 20-ந்தேதி லியோன் தீர்ப்புச் சொன்னார். இவ்வளவு மெல்லிய நாணலின் மேல் ஒரு மனிதனின் சிறைவாசத்தை நிறுத்தி வைக்க முடியாது என்றார். ஆறு பேரில் ஐந்து பேரை விடுதலை செய்ய உத்தரவு போட்டார். ஏழு ஆண்டு காத்திருந்தது போதும், அப்பீல் வேண்டாம் என்று சர்க்காரையும் கேட்டுக்கொண்டார்.

2009-ம் ஆண்டு மே 15-ந்தேதி பூமெதியன் பிரான்சு நாட்டில் விமானத்தை விட்டு இறங்கினார். விட்டுப் பிரிந்தபோது மழலை பேசிய பெண்கள், இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளாக இருந்தார்கள். ஏழு ஆண்டுகளுக்கு மேல் அவர் சிறையில் இருந்தார். அவர் மீது எந்தக் கோர்ட்டிலும் ஒரு குற்றமும் ருசு ஆகவில்லை.

எல்லோருக்கும் இப்படி நடந்து விடவில்லை. சீனாவைச் சேர்ந்த உய்கூர் இனத்தவர் 17 பேரை விட்டுவிட 2008 அக்டோபரில் ஒரு நீதிபதி உத்தரவு போட்டார். அப்பீல் கோர்ட்டு அதை ரத்து செய்தது. அவர்களை ஏற்றுக்கொள்ள நாடு கிடைக்கவில்லை. கடைசி மூவர் 2013 டிசம்பர் 31-ந்தேதிதான் வெளியே வந்தார்கள். 2025-ம் ஆண்டு ஜனவரியில் குவாண்டனாமோவில் இன்னும் 15 கைதிகள் இருந்தார்கள்.

ஹெல்லர் என்ன ஆனார்? 2008-ம் ஆண்டிலேயே தம்முடைய ரிவால்வரை நகரத்தில் முறைப்படி பதிவு செய்துகொண்டார். அவர் திறந்த கதவு பின்னர் அகலமாயிற்று. 2010-ல் வந்த தீர்ப்பு அந்த உரிமையை எல்லா மாநிலங்களுக்கும் பரப்பியது. 2022-ல் வந்த தீர்ப்பு, வீட்டுக்கு வெளியேயும் துப்பாக்கி கொண்டு போகலாம் என்றது. 2024-ல், குடும்பத்தாரை அடித்து மிரட்டுவதாகக் கோர்ட்டுத் தடை உத்தரவு பெற்றவனிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டம் செல்லும் என்று எட்டுப் பேர் சேர்ந்து சொன்னார்கள்.

நகர சபை அன்று பட்ட கவலையும் தீரவில்லை. 2022-ம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் துப்பாக்கியால் 48 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை செய்துகொண்டவர்கள். உரிமை என்பதற்கு விலையும் உண்டு.

2018-ம் ஆண்டு கென்னடி பதவியை விட்டு விலகினார். ஒரு மனிதரின் ஓட்டில் தொங்கிய இரண்டு உரிமைகளும் சட்டப் புத்தகத்தில் ஏறி விட்டன. அவற்றின் எல்லை எது என்ற வழக்கு மட்டும் முடியவில்லை.

அந்த வழக்கைத் தொடங்கி வைத்தவர்கள் பெரிய மந்திரிகள் அல்ல, தளபதிகள் அல்ல. ஒருவர், வெளியே வர வழி இல்லாத கைதி. மற்றவர், வாசலில் நின்ற காவல்காரர். இருவரும் செய்தது ஒன்றுதான்.

மனு எழுதிப் போட்டார்கள். பதில் வரும் வரை காத்திருந்தார்கள்.